போலீஸ் கையில் சாவும் தோலின் நிறமும்: அமெரிக்க எண்களைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2016-ஆம் ஆண்டில் அமெரிக்கப் போலீஸ் கையால் இறந்த வெள்ளையர்கள் 574 பேர். கறுப்பினத்தவர் 266 பேர். பிரிட்டனின் 'தி கார்டியன்' நாளிதழ் ஒவ்வொரு சாவாகத் தேடிச் சேர்த்த கணக்கு இது.

2020 ஜூன் மாதம், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையால் இறந்ததை எதிர்த்து அமெரிக்காவில் ஊர்வலங்கள் நடந்தபோது, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த இரண்டு எண்களை வைத்து ஒரு வாரம் சண்டை நடந்தது. நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியப்பா, "வெள்ளைக்காரன்தான் ரெண்டு மடங்கு சாகிறான், அப்புறம் எதுக்கு இந்த ஊர்வலமெல்லாம்?" என்று கேட்டார். டாலஸில் படிக்கும் அவருடைய பேத்தி, "தாத்தா, கறுப்பினத்தவருக்குத்தான் ரெண்டேகால் மடங்கு ஆபத்து" என்று பதில் போட்டாள். வேடிக்கை என்னவென்றால், இருவரும் ஒரே கணக்கிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். இருவர் சொன்னதும் சரி.

பிழைப்புக்குப் புள்ளிவிவரம் பார்க்கிறவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. அப்போது எழுதிய குறிப்புகளைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இதற்குப் பள்ளிக்கூடப் பின்னக் கணக்கு போதும். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. சண்டையில் முக்கால்வாசி கீழே இருக்கும் எண்ணைப் பற்றியதுதான். ஆனால் மேலே இருக்கும் எண்ணும் நாம் நினைக்கிற அளவுக்குச் சுத்தமில்லை. அதனால் மேலிருந்து தொடங்குவோம்.

படி 1: எந்தச் சாவை எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள்

ஜார்ஜ் ஃபிளாய்ட் 2020 மே 25 அன்று மின்னியாபொலிஸ் நகரில், ஒரு போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் கிடந்து இறந்தார். உலகமே பார்த்த சாவு. ஆனால் 'வாஷிங்டன் போஸ்ட்' பராமரித்த புகழ்பெற்ற தரவுத்தளத்தில் அவர் பெயர் இல்லை. காரணம் எளிது. பணியில் இருக்கும் போலீஸ்காரர் துப்பாக்கியால் சுட்டு ஒருவர் இறந்தால் மட்டுமே அது அந்தப் பட்டியலில் ஏறும். 2015-ல் பால்டிமோரில் போலீஸ் வேனுக்குள் கழுத்துத் தண்டுவடம் சேதமாகி, பின்னர் இறந்த ஃபிரெடி கிரேவும் அதில் இல்லை. 2023 ஜனவரியில் மெம்ஃபிஸில் அடித்தே கொல்லப்பட்ட டயர் நிக்கல்ஸும் இல்லை.

இது போஸ்ட் பத்திரிகையின் குறையல்ல. சுட்டுக் கொல்வதை மட்டும் எண்ணுவோம் என்று வரையறுத்துக்கொண்டால், நாடு முழுக்க ஒரே அளவுகோலில், ஏறத்தாழ ஒன்றும் விடாமல் எண்ண முடியும். 2015-ல் தொடங்கி 2024 முடிய அதைத்தான் செய்தார்கள். ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேர். கடைசி ஆண்டுகளில் அதையும் தாண்டியது.

கார்டியன் 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் எண்ணியது. ஆனால் வலையை அகலமாக விரித்தது: துப்பாக்கி, மின்னதிர்வுத் துப்பாக்கியான டேசர், போலீஸ் வண்டி மோதியது, பிடித்து அமுக்கியதில் இறந்தது, எல்லாம் அதில் உண்டு. 'மேப்பிங் போலீஸ் வயலன்ஸ்' என்ற தரவுத்தளம் 2013-லிருந்து கணக்கு வைத்திருக்கிறது. பணி நேரம் முடிந்து வீட்டுக்குப் போன போலீஸ்காரர் கொன்றாலும் சேர்த்துக்கொள்ளும். 'ஃபேட்டல் என்கவுன்ட்டர்ஸ்' என்ற தரவுத்தளம் இன்னும் பெரிய வலை. நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற ஊரில் வாரப் பத்திரிகை ஆசிரியராக இருந்த பிரையன் பர்கார்ட் 2012-ல் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிப் போகிறது. போலீஸ் துரத்தும்போது கார் கவிழ்ந்து இறந்தவர்களும், போலீஸ் வீட்டைச் சூழ்ந்து நிற்கும்போது தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்களும் அதில் இருக்கிறார்கள்.

இங்கே நம் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'என்கவுன்ட்டர்' என்றால் நமக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: போலீஸ் ஒருவரைச் சுட்டுத் தள்ளிவிட்டது. அமெரிக்க ஆய்வுகளில் அந்தச் சொல்லுக்கு அந்த ரத்த வாடை கிடையாது. சிக்னலில் வண்டியை நிறுத்தி உரிமம் கேட்டாலும் அது என்கவுன்ட்டர்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே தலை சுற்றும்.

படி 2: அரசாங்க எண் என்றால் இரண்டு முறை பாருங்கள்

அரசுக் கணக்கு என்றால் நம்பகமானது, பத்திரிகைக் கணக்கு என்றால் சந்தேகம் என்பது நம் பழக்கம். இங்கே அதைத் தலைகீழாகப் போட வேண்டும். அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 தனித்தனிக் காவல் அமைப்புகள் இருக்கின்றன. நகரப் போலீஸ், மாவட்ட ஷெரிஃப், மாநிலப் போலீஸ், பல்கலைக்கழகத்துக்கென்று ஒரு போலீஸ். டி.ஜி.பி. அலுவலகம் மாதிரி மேலிருந்து ஒரு சுற்றறிக்கை போட்டு எல்லோரிடமும் கணக்கு வாங்க வழியில்லை. எஃப்.பி.ஐ.க்கு விவரம் அனுப்புவது அவரவர் விருப்பம். அதனால் பல ஆண்டுகளாக எஃப்.பி.ஐ. சொல்லிவந்த எண் ஆண்டுக்குச் சுமார் 400 பேர். பத்திரிகைகள் எண்ணத் தொடங்கிய முதல் ஆண்டே அது ஆயிரம் என்று தெரிந்தது.

அன்றைய எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி, இந்த விஷயத்தில் நாட்டுக்கே முதன்மை ஆதாரமாக இரண்டு பத்திரிகைகள் இருப்பது ஏற்க முடியாத நிலை என்று 2015-ல் வெளிப்படையாகவே சொன்னார். 2019-ல் எஃப்.பி.ஐ. புதிய கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்கியது. அதிலும் சேர்வது அவரவர் விருப்பம்தான்.

ஆக, யாராவது 'அதிகாரபூர்வக் கணக்கின்படி' என்று தொடங்கினால், அந்தக் கணக்கில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 3: இறப்புச் சான்றிதழில் யார் எழுதினார் என்று கேளுங்கள்

ஃபிளாய்ட் இறந்த இரவு மின்னியாபொலிஸ் போலீஸ் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பு, போலீஸ் நடவடிக்கையின்போது மருத்துவக் கோளாறு ஏற்பட்டு ஒருவர் இறந்தார் என்ற பொருளில் இருந்தது. கழுத்தில் முழங்கால் இருந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. பக்கத்தில் நின்ற 17 வயதுப் பெண் கைபேசியில் படம் எடுத்திருக்காவிட்டால் அந்த வாக்கியமே வரலாறாக நின்றிருக்கும். அடுத்த மாதமே சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது, தரையில் உருண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருந்ததைப் படித்தவர்களுக்கு இந்த மொழிநடை புதிதில்லை. எங்கள் வாட்ஸ்அப் சண்டை நின்றதும் அந்தச் செய்தி வந்த அன்றுதான்.

முதல் காகிதத்தில் எழுதியது இறப்புச் சான்றிதழ் வரை தொடர்வதுண்டு. 2021-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இதை அளந்து காட்டியது. 1980 முதல் 2018 வரை போலீஸ் வன்முறையால் இறந்தவர்கள் சுமார் 30,800 பேர் என்று மதிப்பிட்டார்கள். அதில் சுமார் 17,100 பேர், அதாவது 55.5 சதவீதம், அரசின் இறப்புப் பதிவேட்டில் போலீஸ் சாவாகப் பதிவாகவே இல்லை. வேறு தலைப்புகளில் எழுதப்பட்டிருந்தார்கள். கறுப்பினத்தவரை மட்டும் எடுத்தால் விடுபட்டது 59.5 சதவீதம். அந்த மொத்தக் காலத்துக்கும் கறுப்பினத்தவர் இறக்கும் விகிதம் வெள்ளையரைப் போல 3.5 மடங்கு என்று அவர்களுக்கு வந்தது.

ஏன் இப்படி விடுபடுகிறது? பல மாவட்டங்களில் மரண விசாரணை அதிகாரி தேர்தலில் நின்று வருகிறவர். மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இல்லை. கலிஃபோர்னியாவின் பல மாவட்டங்களில் ஷெரிஃபே மரண விசாரணை அதிகாரியாகவும் இருப்பார். தன் ஆள் செய்ததற்குத் தானே சான்றிதழ் எழுதுவார். போதாக்குறைக்கு, 'அதீதக் கிளர்ச்சிப் பிதற்றல்' என்று ஒரு நோய்ப் பெயர் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. நாலு பேர் மேலே ஏறி அமுக்கியதில் மூச்சு நின்றவர், இந்த நோயால் தானாகவே இறந்துவிட்டார் என்று எழுத அது வசதி செய்து கொடுத்தது. அமெரிக்க அவசர மருத்துவர்கள் சங்கம் தன் பழைய ஆதரவை 2023-ல்தான் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு, இதை மரண காரணமாக எழுதக்கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது.

மேரிலாந்து மாநிலத்தில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். அந்த மாநிலத்தின் தலைமை மரண விசாரணை மருத்துவராக இருந்தவர், ஃபிளாய்ட் வழக்கில் போலீஸ்காரர் தரப்புச் சாட்சியாக வந்து இதயக் கோளாறுதான் காரணம் என்று சொன்னார். அதைக் கேட்டு நாடெங்கும் மருத்துவர்கள் கொதித்துப்போய், அவர் காலத்துக் கோப்புகளை மறுபடி பார்க்கச் சொன்னார்கள். போலீஸ் பிடியில் நடந்த 87 சாவுகளை வெளியாட்கள் மறு ஆய்வு செய்தார்கள். 2025-ல் முடிவு வந்தது. கொலை வகையில் எழுதப்படாத 36 சாவுகளை அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். இங்கே 'கொலை' என்பது மருத்துவச் சொல். இன்னொரு மனிதரின் செயலால் நேர்ந்த சாவு என்று பொருள். அது குற்றமா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை.

படி 4: இனப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

அமெரிக்கக் கணக்கெடுப்பில் 'ஹிஸ்பானியர்' (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்) என்பது நீண்ட காலம் இனம் அல்ல, தனிக் கேள்வி. ஒருவர் ஹிஸ்பானியராகவும் வெள்ளையராகவும் இருக்கலாம். ஹிஸ்பானியராகவும் கறுப்பினத்தவராகவும் இருக்கலாம். சில அட்டவணைகள் ஹிஸ்பானியரைத் தனியே பிரிக்கும். சில, வெள்ளையரோடு சேர்த்துவிடும். சேர்த்தால் வெள்ளையருக்கான தொகுதி, பகுதி இரண்டுமே மாறிப்போகும். அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காமல் விகிதம் போடாதீர்கள்.

இன்னொன்று, பெட்டி வேறு, தெருவில் நிற்கும் போலீஸ்காரரின் கண் வேறு. 2015 பிப்ரவரியில் குஜராத்திலிருந்து பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த 57 வயது மனிதர் ஒருவர், அலபாமா மாநிலம் மேடிசன் என்ற ஊரில் காலையில் நடைப்பயிற்சி போனார். மெலிந்த கறுப்பு ஆள் ஒருவன் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் யாரோ போலீஸைக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு போலீஸ்காரர் அவரைத் தரையில் அடித்துத் தள்ளியதில் முதுகுத்தண்டு சேதமாகிக் கைகால் முடங்கியது. கணக்கெடுப்புப் பெட்டியில் அவர் ஆசியர். அழைப்பில் அவர் கறுப்பர். உயிர் பிழைத்ததால், நாம் பேசும் எந்தப் பட்டியலிலும் அவர் இல்லை. இந்த எண்கள் சாவை மட்டும் அளக்கின்றன, முடங்கிப்போனவர்களை அல்ல.

படி 5: இப்போது வகுத்துப் பாருங்கள்

கார்டியனின் 2016 கணக்கை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1,093 பேர். அப்போது கறுப்பினத்தவர் மக்கள்தொகை சுமார் 4 கோடி, ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர் சுமார் 19.8 கோடி. பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்க்க:

கறுப்பினத்தவர்: 266-ஐ 40-ஆல் வகுத்தால் சுமார் 6.65. (துல்லியமான மக்கள்தொகையில் 6.66.)
வெள்ளையர்: 574-ஐ 198-ஆல் வகுத்தால் 2.9.

6.66-ஐ 2.9-ஆல் வகுத்தால் 2.3. பேத்தி சொன்ன 'ரெண்டேகால் மடங்கு' இதுதான். பெரியப்பா தொகுதியோடு நின்றுவிட்டார். பேத்தி பகுதி வரை போனாள்.

மற்றவர்களும் இருக்கிறார்கள். ஹிஸ்பானியர் 3.23, ஆசியர் 1.17. பூர்வகுடி அமெரிக்கர் 10.13. ஆமாம், எல்லோரையும்விட அதிகம். ஆனால் உடனே அதைத் தலைப்புச் செய்தியாக்காதீர்கள். அந்த 10.13-க்குப் பின்னால் இருப்பது 24 சாவுகள். அதற்கு முந்தைய ஆண்டு 13 சாவுகள், விகிதம் 5.49. ஒரே ஆண்டில் ஆபத்து இரட்டிப்பானதா? அவசியமில்லை. இருபத்து நாலு லட்சம்கூட இல்லாத மக்கள்தொகையில் பத்துப் பேர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் இப்படித்தான் குதிக்கும். சிறு எண்களுக்குப் பல ஆண்டுகளைச் சேர்த்து வகுக்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் பூர்வகுடியினர் விகிதம் வெள்ளையரைவிட அதிகமாகவே வருகிறது என்பதும் உண்மை.

'பத்து லட்சத்துக்கு 6.66 பேர்தானே, மின்னல் தாக்குவது மாதிரிதானே' என்று தோன்றலாம். அது ஓர் ஆண்டுக்கான எண். குழந்தைகள், பாட்டிகள் எல்லோரும் கீழே இருக்கும் அந்தப் பகுதி எண்ணில் இருக்கிறார்கள். ஃபிராங்க் எட்வர்ட்ஸும் இரு ஆய்வாளர்களும் 2019-ல் இதை வாழ்நாள் ஆபத்தாக மாற்றிக் கணக்கிட்டார்கள். ஒரு லட்சம் கறுப்பின ஆண்கள் பிறந்தால், இன்றைய விகிதம் நீடித்தால், சுமார் 96 பேர் போலீஸ் கையால் இறப்பார்கள். வெள்ளை ஆண்களில் 39 பேர். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர் என்று செய்திகளில் அடிபடுவது இந்தக் கணக்குத்தான். ஆபத்து உச்சத்தில் இருப்பது 20 முதல் 35 வயது வரை.

படி 6: "எதைக்கொண்டு வகுத்தீர்கள்?" என்று கேளுங்கள்

பெரியப்பா லேசுப்பட்டவர் இல்லை. அடுத்த நாள் ஒரு கேள்வி போட்டார்: "செத்தவர்களில் 95 சதவீதம் ஆண்கள். அதனால் போலீஸ் ஆண்களை வெறுக்குதுன்னு சொல்வியா?"

நல்ல கேள்வி. பலர் இதைக் கேட்டதும் கோபப்படுகிறார்கள், கோபப்பட ஒன்றுமில்லை. மக்கள்தொகையால் வகுத்துக் கிடைக்கும் 2.3 என்ற எண், இந்தச் சுமை யார் மேல் எவ்வளவு விழுகிறது என்பதைச் சொல்கிறது. போலீஸ்காரர் மனதில் என்ன இருந்தது என்பதைச் சொல்லவில்லை. இரண்டும் வேறு கேள்விகள். ஒரு தாய்க்குத் தன் பிள்ளை வீடு திரும்புவானா என்பதே கேள்வி. அவளுக்கு மக்கள்தொகைப் பகுதிதான் சரியான பகுதி. துப்பாக்கியை எடுத்த அந்த நொடியில் நிறம் பார்த்தாரா என்பது கேள்வி என்றால் வேறு பகுதி வேண்டும். எந்தப் பகுதி என்பதில்தான் ஆய்வாளர்களே அடித்துக்கொள்கிறார்கள்.

சிலர் கைது எண்ணிக்கையால் வகுக்கச் சொல்கிறார்கள். கறுப்பினத்தவர் கைதாவது அதிகம். அந்த எண்ணால் வகுத்தால் வேறுபாடு பெருமளவு சுருங்கும், சில கணக்குகளில் மறைந்தே போகும். ஆனால் கைது செய்வது யார்? அதே போலீஸ். படியளக்கும் வியாபாரியே படியையும் செய்து கொண்டுவந்த கதை. வன்குற்றங்களால் வகுக்கலாம் என்றால், போலீஸ் சுட்டுக் கொன்றவர்கள் எல்லோரும் வன்குற்றம் செய்துகொண்டிருந்தவர்கள் இல்லை. போஸ்ட் கணக்கில் சுமார் ஐந்தில் ஒருவர் மனநலப் பிரச்சினையின் அறிகுறி உள்ளவர். பல நேரம் வீட்டாரே உதவிக்குக் கூப்பிட்டிருப்பார்கள்.

ஹார்வர்டு பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃபிரையர் 2016-ல் வெளியிட்ட ஆய்வு போலீஸுடனான சந்திப்புகளைப் பகுதியாக எடுத்தது. அவர் கறுப்பினத்தவர் என்பதால் அதன் முடிவு இன்னும் பரபரப்பானது. தள்ளுவது, விலங்கு மாட்டுவது, துப்பாக்கியைக் காட்டுவது போன்றவற்றில் கறுப்பினத்தவருக்கும் ஹிஸ்பானியருக்கும் வாய்ப்பு 50 சதவீதத்துக்கு மேல் அதிகம் என்று கண்டார். ஆனால் துப்பாக்கிச்சூட்டில், முக்கியமாக ஹூஸ்டன் நகரத் தரவில், இன வேறுபாடு தெரியவில்லை என்றார். ஒரு தரப்பு முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டும். மற்றது இரண்டாம் பாதியை மட்டும்.

இதற்கு வந்த மறுப்புதான் இந்த வழிகாட்டியில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். டீன் நாக்ஸ், வில் லோ, ஜோனதன் முமோலோ மூவரும் 2020-ல் சொன்னதை ஒரு கற்பனை ஊரை வைத்துச் சொல்கிறேன்.

அந்த ஊரில் போலீஸ், தக்க காரணம் இருந்தால் மட்டுமே வெள்ளையரை நிறுத்துகிறது. 100 பேரை நிறுத்தி 2 பேரைச் சுட்டது. இரண்டு சதவீதம். கறுப்பினத்தவரில் தக்க காரணத்தோடு 100 பேரை நிறுத்தி 4 பேரைச் சுட்டது. அதோடு, பின்விளக்கு எரியவில்லை, தெருவில் சும்மா நின்றான் என்று ஒன்றுமில்லாததற்கு இன்னும் 300 பேரை நிறுத்தி அனுப்பிவிட்டது. மொத்தம் 400 பேர், 4 சூடு. ஒரு சதவீதம். பதிவேட்டை எடுத்து வகுக்கிறவருக்கு என்ன தெரியும்? கறுப்பினத்தவரைச் சுடும் வாய்ப்பு பாதிதான் என்று தெரியும். உண்மையில் ஒரே மாதிரிச் சூழலில் அது இரண்டு மடங்கு. அநியாயமாக நிறுத்திய அந்த 300 பேர்தான் பகுதியை ஊதிப் பெருக்கி, அநியாயத்தையே மறைத்துவிட்டார்கள்.

நிஜ ஊர்களில் இப்படி நடக்கிறதா என்று கேட்டால், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு அழகான சோதனை செய்தார்கள். கிட்டத்தட்ட 9.5 கோடி வாகன நிறுத்தங்களின் பதிவுகளைச் சேர்த்தார்கள். பொழுது சாய்ந்து இருட்டிவிட்டால் ஓட்டுநரின் நிறம் வெளியிலிருந்து தெரியாது. ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் மாலை ஏழு மணி ஒருநாள் வெளிச்சமாகவும் இன்னொரு நாள் இருட்டாகவும் இருக்கும். ஆகவே அதே கடிகார நேரத்தை எடுத்து, வெளிச்ச நாளையும் இருட்டு நாளையும் ஒப்பிட்டார்கள். இருட்டியதும் நிறுத்தப்படுகிறவர்களில் கறுப்பினத்தவர் பங்கு குறைந்தது. 2020-ல் வெளியான இந்த முடிவு சாவைப் பற்றியது அல்ல, நிறுத்தத்தைப் பற்றியது. ஆனால் நிறுத்தங்களைப் பகுதியாக வைத்து வகுத்த எந்த ஆய்வையும் சந்தேகத்தோடு படிக்க இது ஒன்றே போதும்.

2016-ல் மின்னசோட்டாவில் சுட்டுக் கொல்லப்பட்ட ஃபிலாண்டோ காஸ்டில் என்ற பள்ளி உணவகப் பணியாளர், அதற்கு முன் சுமார் 13 ஆண்டுகளில் 40-க்கும் மேற்பட்ட முறை வண்டியை நிறுத்தி விசாரிக்கப்பட்டவர். பெரும்பாலும் அற்பக் காரணங்கள். கடைசி முறையும் போலீஸ் சொன்ன காரணம் பின்விளக்கு. அந்த நாற்பதும் 'எதுவும் நடக்கவில்லை' என்ற கணக்கில் பகுதியில் போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னொரு பொறி, வாக்கியத்தைத் திருப்பிப் போடுவது. ஊரில் பத்தில் ஒன்பது பேர் ஹெல்மெட் போடுகிறார்கள். விபத்தில் இறந்தவர்களில் பாதிப்பேர் ஹெல்மெட் போட்டவர்கள். 'அப்போ ஹெல்மெட்டால் பயனில்லை' என்றால் சிரிப்போம், இல்லையா? செத்தவர்களில் எத்தனை பேர் போட்டிருந்தார்கள் என்பது வேறு. போட்டவர்களில் எத்தனை பேர் சாகிறார்கள் என்பது வேறு. 2019-ல் ஒரு பெரிய அறிவியல் இதழில் வந்த கட்டுரை, போலீஸ் சுட்டுக் கொன்றவர்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, கறுப்பினத்தவருக்கு எதிரான சாய்வு இல்லை என்கிற தோரணையில் எழுதியது. பட்டியலில் செத்தவர்கள் மட்டுமே இருக்கும்போது சாகும் வாய்ப்பைப் பற்றிப் பேச வழியே கிடையாது என்று மற்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். 2020 ஜூலையில் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். இன்றும் அது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. திரும்பப் பெற்ற செய்தி மட்டும் சுற்றவில்லை.

படி 7: 'ஆயுதமற்றவர்' என்ற சொல்லை அப்படியே விழுங்காதீர்கள்

கிளீவ்லாந்தில் 2014-ல் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிய டமிர் ரைஸுக்கு 12 வயது. போலீஸ் கார் வந்து நின்று இரண்டு நொடிக்குள் சுட்டார்கள். இப்படிப்பட்ட சாவுகளைப் பட்டியல்கள் 'பொம்மை ஆயுதம்' என்ற தனிப் பெட்டியில் போடும். 'ஆயுதமற்றவர்' எண்ணில் அவை வராது. காரை ஓட்டித் தப்ப முயன்றவருக்கு 'வாகனம்' என்பதே ஆயுதமாக எழுதப்படுவதுண்டு. மறுபக்கம், போலீஸ்காரரின் துப்பாக்கியைப் பறிக்க மல்லுக்கட்டியவரும் 'ஆயுதமற்றவர்' என்றே எண்ணப்படலாம்.

'சட்டப்படி நியாயமான சூடு' என்பதும் அப்படித்தான். 1985-ல் உச்ச நீதிமன்றம், ஓடுகிறவர் ஆபத்தானவர் என்று நம்பக் காரணம் இல்லாவிட்டால் சுடக்கூடாது என்றது. மெம்ஃபிஸில் வேலியேறித் தப்ப முயன்ற 15 வயதுப் பையன் பின்தலையில் சுடப்பட்ட வழக்கு அது. 1989-ல் வந்த கிரஹாம் வழக்குத் தீர்ப்போ, அந்த இடத்தில் நின்ற ஒரு நியாயமான போலீஸ்காரரின் கண்ணால்தான் பார்க்க வேண்டும், பின்னால் உட்கார்ந்து யோசித்துப் பார்க்கக்கூடாது என்றது. கிரஹாம் சர்க்கரை நோயாளி. சர்க்கரை இறங்கிவிட்டதால் ஆரஞ்சுச் சாறு வாங்கக் கடைக்குள் ஓடி, வரிசை நீளமாக இருந்ததால் உடனே வெளியே ஓடிவந்தவர். அதைத் திருட்டு என்று சந்தேகித்தார்கள். இன்றுவரை இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் இந்த உரைகல்லில்தான் உரசப்படுகின்றன. அதனால் 'பெரும்பாலானவை சட்டப்படி சரி' என்ற வாக்கியம், சாவைத் தவிர்த்திருக்க முடியாது என்று சொல்வதாகாது.

படி 8: ஒரு சாவையும் ஒரு ஊரின் வழக்கத்தையும் குழப்பாதீர்கள்

2014 ஆகஸ்டில் மிசூரி மாநிலம் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞர் சுடப்பட்டு இறந்தார். இந்தத் தரவுத்தளங்கள் பெருகியதே அதற்குப் பிறகுதான். 2015 மார்ச் 4 அன்று மத்திய நீதித் துறை ஒரே நாளில் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. முதலாவது, சுட்ட போலீஸ்காரர் மேல் மத்தியச் சட்டப்படி வழக்குத் தொடர ஆதாரம் போதாது என்றது. கையைத் தூக்கிச் சரணடைந்தபோது சுட்டார் என்ற பேச்சையும் நம்பகமான சாட்சியம் உறுதிப்படுத்தவில்லை என்றது. இரண்டாவது, அதே ஊர்ப் போலீஸைத் தோலுரித்தது. ஊரில் கறுப்பினத்தவர் 67 சதவீதம். வாகன நிறுத்தங்களில் 85, அபராதச் சீட்டுகளில் 90, கைதுகளில் 93 சதவீதம். நகராட்சி வருமானத்துக்காக அபராதம் போட்டே மக்களைப் பிழிந்திருக்கிறார்கள் என்று எழுதியது.

இரண்டு அறிக்கைகளையும் ஒருசேர மனதில் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் குறைவு. எனக்கே அதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது. மெம்ஃபிஸில் டயர் நிக்கல்ஸை அடித்ததற்காகக் குற்றம்சாட்டப்பட்ட ஐந்து போலீஸ்காரர்களும் கறுப்பினத்தவர். 'அப்போ இதில் இனம் எங்கே வந்தது' என்று கேட்பவருக்கு ஃபெர்குசனின் இரண்டாவது அறிக்கையைத்தான் கொடுக்க வேண்டும். யாரை, எந்தத் தெருவில், எத்தனை முறை நிறுத்துவது என்பதை ஒரு துறையின் வழக்கம் தீர்மானிக்கிறது. சீருடைக்குள் இருப்பவரின் நிறம் அதற்குப் பிறகுதான்.

படி 9: எண்ணை எழுதும்போது முழுசாக எழுதுங்கள்

போஸ்ட் தரவுத்தளம் 2024-க்குப் பிறகு நின்றுவிட்டது. பழைய கோப்புகளை இன்னும் இறக்கிக்கொள்ளலாம். இன்றைய எண்ணுக்கு 'மேப்பிங் போலீஸ் வயலன்ஸ்' உண்டு. மாநில அளவில் பார்ப்பது நல்லது. நியூ மெக்சிகோ போன்ற மேற்கு மாநிலங்களில் எல்லா இனத்தவருக்குமே விகிதம் அதிகம். கறுப்பினத்தவர் அங்கே குறைவு. நாட்டு அளவில் ஒன்றாகக் கலக்கும்போது இந்த வேறுபாடு கண்ணில் படாது.

எந்த ஆண்டு, யார் எண்ணியது, எந்த வகைச் சாவு, எதைக்கொண்டு வகுத்தது: நாலும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். கடைசியில் நான் குழுவில் போட்டது இது: "2016-ல், கார்டியன் கணக்குப்படி, சூடு, டேசர், வண்டி, பிடித்து அமுக்கியது எல்லாம் சேர்த்து, போலீஸ் கையால் இறந்தவர்கள் மக்கள்தொகையில் பத்து லட்சத்துக்கு, கறுப்பினத்தவர் 6.66, ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர் 2.9."

பெரியப்பா ஒரு மணி நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரே ஒரு வரி வந்தது: "நியூ ஜெர்சிக்கு எவ்வளவு?"